எந்த மரம், எந்தப் பக்கம்? பழனி ரோட்டுப் பெரணி நர்சரியைப் பற்றி

கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிந்த பிறகு, சவரிக்காடு பக்கமாக இறங்கும் வழியில் ஒரு வீட்டு நர்சரி இருக்கிறது. போர்டு கிடையாது. தகர கேட்டுக்குப் பின்னால் தெரிகிற பச்சை நிழல்வலைதான் அடையாளம். நடத்துகிற அக்கா தன் பெயரையும் போன் நம்பரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. அவரிடம் 2023 ஆவணியில் வாங்கிய பெரணிகள் (ஃபெர்ன்) என் தோட்டத்து மரங்களில் இரண்டு ஐப்பசி மழையையும் இரண்டு கோடையையும் பார்த்துவிட்டன. மரத்தில் ஏற்றிய செடி பிழைத்ததா இல்லையா என்று சொல்ல ஒரு கோடையாவது தாண்ட வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டைச் சுற்றி அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான தோட்டம். முன்னால் அப்பா வைத்த பேரி மரம், பக்கவாட்டில் பட்டர் ஃப்ரூட், வேலியோரம் மூன்று சில்வர் ஓக், கிணற்றுக்குப் பின்னால் ஒரு யூகலிப்டஸ். வேலையில் இருந்த காலத்தில் லீவு நாட்களில் பாம்பார் சோலைக்காட்டு ஓரமாக நடப்பேன். அங்கே ஒரு மரத்தின் பட்டையைக்கூடப் பார்க்க முடியாது. பாசியும் பெரணியும் ஆர்க்கிட்டும் அடிமுதல் கிளை வரை போர்த்தியிருக்கும். திரும்பி வந்து என் மரங்களைப் பார்த்தால், சட்டை இல்லாத பிள்ளைகள் மாதிரி நிற்கும். ஓய்வு பெற்றதும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தேன்.

முதல் முயற்சி வீணாகப் போனது. 2023 ஜனவரியில் ஆன்லைனில் மான்கொம்புப் பெரணி ஒன்று வரவழைத்தேன். பார்சல் வர ஆறு நாள். திறந்தால், பலகையில் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிய செடி, நடுவில் இருந்த குருத்து கறுத்துப்போய். பெரணி வளர்ப்பவர்கள் செம்பைக் கிட்டவே சேர்க்க மாட்டார்கள், அது ஈரத்தில் கரைந்து செடிக்கு நஞ்சாகும் என்று எனக்கு அப்போது தெரியாது. பலகையோடு பேரி மரத்தில் மாட்டி தினமும் தண்ணீர் தெளித்தேன். இருபது நாளில் போய்விட்டது. விற்றவர்களுக்கு போட்டோ அனுப்பினேன், பதில் இல்லை.

அந்த பிப்ரவரியில்தான் பக்கத்துத் தெரு டிரைவர் தம்பி சொல்லி இந்த நர்சரிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் நாலு படியாக இறங்கும் தோட்டம். நிழல்வலைக்குக் கீழே ரோஜா, ஜெரேனியம் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முழுக்கப் பெரணி: தொட்டியில், தேங்காய் மட்டையில், பழைய மரத்துண்டில். மான்கொம்பு வேண்டும் என்றேன். அக்கா விலை சொல்லவில்லை. "எந்த மரத்துல கட்டப் போறீங்க சிஸ்டர்?" என்று கேட்டார். பேரி என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். வீட்டுப் பக்கம் என்று சொன்னேன். "வீடு எந்தத் திசையில இருக்கு?" நான் யோசித்து, மரத்துக்குத் தெற்கே என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "இப்ப வாங்காதீங்க. ஆவணியில வாங்க" என்று அனுப்பிவிட்டார். கையில் பணத்தோடு போனவளைத் திருப்பி அனுப்பிய கடை என் அனுபவத்தில் இது ஒன்றுதான்.

அவர் சொன்ன காரணங்களை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இந்த நர்சரியில் செடியைவிட மதிப்பானது அந்தப் பேச்சுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேரி மரம் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை மொட்டைக் கிளைதான். நம் மலையில் மழை நின்று காற்று காய்கிற மாதங்களும் அவைதான். அதாவது பெரணிக்கு நிழல் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் பேரி நிழல் தராது. அப்புறம் திசை. கார்த்திகை முதல் பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அடிமரத்தின் தெற்கு முகத்தில் நாள் முழுக்க வெயில் விழும். வடக்கு முகம் நிழலிலேயே இருக்கும். ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பேரியில் அப்போது இலை நிறைந்திருக்கும், ஜூனுக்குப் பிறகு மேகமும் வந்துவிடும். ஆக, கட்டுவதென்றால் வடக்கு. நான் ஜனவரியில் ஆன்லைன் செடியைக் கட்டியது தெற்கில்.

கிழக்குப் பக்கம் காலை வெயில் நல்லதுதானே என்று கேட்டேன். பெருமாள்மலையில் பரவாயில்லை, மேலே ஏரிப் பக்கம் பனி உறையும் பள்ளங்களில் வேண்டாம் என்றார். உறைந்த இலையில் சட்டென்று காலை வெயில் பட்டால் அது வெந்தது போலாகிவிடுமாம். மெதுவாக உருகினால் தப்பிக்கும்.

ஆவணி எதற்கு? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் வளர்ந்தோம். அது மண்ணில் போடும் விதைக்கு. வேர் பிடிக்காத செடியை மரத்தில் கட்டினால் ஆடிக்காற்று அதை ஈரத் துணியைக் கொடியில் போட்டது போல உலர்த்திவிடும். காற்று அடங்கின பிறகு கட்டினால் வேர் பட்டையைத் தொடுவதற்கும் ஐப்பசி மழை இறங்குவதற்கும் சரியாக இருக்கும். பழனி மலைத்தொடரில் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால் இந்தக் கணக்கு இங்கே பொருந்துகிறது. தென்மேற்கு மழை கொட்டுகிற நீலகிரிக் கூடலூர் மாதிரி ஊர்க்காரர்கள் தங்கள் மழையைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சரி, ஆவணியில் போனேன். வாங்கியவை நான்கு.

மான்கொம்பு, கையளவுக் குட்டி, 350 ரூபாய். இது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைப் பக்கத்தைச் சேர்ந்த செடி. லேசான பனியைத் தாங்கும் என்பதால் மலைக்கு ஏற்றது. தாய்ச்செடியின் பக்கத்தில் குட்டி விட்டுப் பெருகும். அக்கா அப்படிப் பிரித்து வளர்த்ததைத்தான் விற்கிறார். இதில் இரண்டு வகை இலை. வட்டமாக மரத்தோடு ஒட்டிப் படிவது கவச இலை. கொம்பு மாதிரி வெளியே நீள்வது இன்னொன்று. கவச இலை பச்சையாக வந்து சில மாதத்தில் பழுப்பாகிவிடும். அது காய்ந்துவிட்டது என்று பிய்த்தால் செடியின் தோலை உரித்த மாதிரி. வேரும் அதற்குப் பின்னால்தான், மேலே விழும் சருகைப் பிடித்து உரமாக்குவதும் அதுதான். கொம்பு இலையின் மேல் வெள்ளைத் தூசி மாதிரி இருப்பதும் அழுக்கு இல்லை, நீர் வீணாகாமல் காக்கும் நுண்ணிய மயிர். எனக்குத் துடைத்து வைக்கிற பழக்கம் அதிகம், முதல் மாதம் இரண்டு இலையை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். அந்த இரண்டும்தான் அடுத்த வெயிலில் முதலில் வாடின. மற்றவற்றை அதன்பின் தொடவில்லை.

பறவைக்கூடு பெரணி, 180 ரூபாய். நீளமான பளபள இலைகள் வட்டமாக நின்று நடுவில் கூடு மாதிரிக் குழிவாக இருக்கும். சருகு விழுந்து மக்குவதற்காகவே அமைந்த குழி அது. நம் கையால் அதில் தண்ணீரை ஊற்றி நிரப்பி வைத்தால் குளிரில் குருத்து அழுகும். நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்த்துக் கட்டச் சொன்னார். பட்டர் ஃப்ரூட் மரத்தின் முதல் கவட்டில் வைத்தேன். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 ரகம். வருடம் முழுக்க இலை இருக்கும், பட்டை சொரசொரப்பு, வேருக்குப் பிடி கிடைக்கும். என்னிடம் இருப்பதில் பெரணிக்குச் சிறந்த மரம் இதுதான்.

மூன்றாவது முடவாட்டுக்கால். கொல்லிமலைக்குப் போனவர்கள் இதை ஆட்டுக்கால் கிழங்கு என்று சூப்பில் குடித்திருப்பார்கள். செம்பட்டை மயிர் மூடிய கிழங்கு, பார்த்தால் ஆட்டுக்கால் போலவே இருக்கும். அதே செடிதான். ஒரு சாண் துண்டு நூறு ரூபாய். நான்காவது முயல்கால் பெரணி, மெல்லிய வேலைப்பாடான இலை, கிழங்கு முயலின் பாதம் மாதிரி மரத்தைச் சுற்றி ஊர்ந்து போகும், 150 ரூபாய். இது மிக எளிதானது. சில்வர் ஓக் பட்டையின் வெடிப்பில் வைத்துக் கட்டியது, இப்போது அடிமரத்தை முக்கால் சுற்று சுற்றிவிட்டது.

யூகலிப்டஸுக்கும் ஒன்று கேட்டேன். கொடுக்கவில்லை. அந்த மரம் வருடா வருடம் பட்டையை உரித்துப் போடும், உரிகிற பட்டையோடு செடியும் கீழே வந்துவிடும். கொய்யாவும் அப்படியே. ஒரு விற்பனை போகிறதே என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

செடிக்குப் பின்னால் வைக்கப் பாசி கேட்டபோது அவர் முகம் மாறியது. சந்தையில் சாக்குப் பையில் வைத்து விற்கிறார்களே என்றேன். அது சோலை மரங்களில் இருந்து சுரண்டி எடுத்தது, வளர எத்தனையோ வருடம் ஆகும், காப்புக்காட்டில் இருந்து எடுப்பது குற்றமும்கூட என்றார். அவர் தருவது கீழே வத்தலக்குண்டில் இருந்து வருகிற தேங்காய் மட்டை. மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பு போன பிறகுதான் கொடுக்கிறார். மட்டையின் நார்ப்பக்கம் செடியின் வேரைத் தொடும்படி, நடுவில் ஒரு கை மக்கிய இலை. அவ்வளவுதான். அவரிடம் இருக்கும் ஒரு செடிகூடக் காட்டில் பிடுங்கியது இல்லை என்பதை நான் நம்புகிறேன், ஏனென்றால் தாய்ச்செடிகளை எல்லாம் காட்டினார். கிழங்குத் துண்டில் புதுக் கண் விட்டிருப்பதையும், தட்டில் பச்சைத் தூள் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த பெரணிக் குஞ்சுகளையும் பார்த்தேன். பாம்பார் சோலையில் நின்று ஆசைப்பட்டவள் நான். அந்தச் சோலையைச் சுரண்டி என் மரத்தை மூடியிருந்தால் எனக்கே பொறுத்திருக்காது.

இனி குறைகள்.

கட்டிக் கொடுக்கும் வேலைக்கு அவர் மகன் வீட்டுக்கு வருகிறார், மரத்துக்கு 200 ரூபாய். சொன்ன நாளைக்கு அடுத்த வாரம் வந்தார். சில்வர் ஓக்கில் நைலான் கயிறைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மரம் பருத்து, கயிறு பட்டைக்குள் இறங்கியிருந்தது. கையில் இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே வீங்குமே, அதே காட்சி. கட்டு வெட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தேன், தழும்பு இன்னும் இருக்கிறது. அக்காவிடம் போய்ச் சொன்னபோது மறுக்கவில்லை, மகனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னார். இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் மரங்களுக்கு அவர்கள் நைலான் போடுவதில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மற்ற மூன்றையும் முதலிலேயே நானே கட்டியிருந்தேன். பருத்தி ரோல் பேண்டேஜ், முழங்கைக்குப் போடுவது போல எட்டு வடிவக் கட்டு: கவச இலையின் மேல் விளிம்புக்குக் கீழே ஒரு சுற்று, மரத்தைச் சுற்றி, குறுக்காக இறங்கி, கீழ் விளிம்புக்கு மேலே ஒரு சுற்று. குருத்தின் மேல் துணி படக்கூடாது. ஒரு மழைக்காலம் முடியும்போது பருத்தி தானாக இற்றுப்போகும். அதற்குள் வேர் பிடித்துவிட்டது. முதல் ஆறு வாரம் மழையில்லாத நாளெல்லாம் கைத்தெளிப்பானால் காலையில் நனைத்தேன். கட்டின செடி அசையாமல் இருப்பதுதான் முக்கியம். முறிந்த எலும்பு கூடுவதற்கு என்ன தேவையோ அதேதான் இதற்கும்.

இன்னொரு குறை பெரியது. பறவைக்கூடு செடி பூச்சியோடு வந்தது. இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள். அது வித்துதான், எல்லாப் பெரணிக்கும் இருக்கும் என்று மகன் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பறவைக்கூட்டின் வித்து நடு நரம்பில் இருந்து சாய்வாக, சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தன, இலையில் பிசுபிசுப்பு. செதில் பூச்சி. பெரணிக்குப் பூச்சிமருந்தும் எண்ணெயும் சீக்கிரம் ஒத்துக்கொள்ளாது என்பதால் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் பஞ்சு முக்கி ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று முறை. செடி பிழைத்துவிட்டது. அக்காவிடம் சொன்னதும் வேறொரு செடியைக் கொடுத்தார், பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. இருந்தாலும் விற்கும் முன்னால் இலையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் போனால் நீங்களே திருப்பிப் பாருங்கள்.

முடவாட்டுக்கால் பற்றியும் அவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். 2024 கோடை எவ்வளவு கடுமையாக இருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் அதன் பச்சை இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, காய்ந்த ஓடு மாதிரி பழுப்பு இலைகள் மட்டும் கிழங்கோடு ஒட்டிக்கொண்டு நின்றன. செத்துவிட்டது என்று நினைத்து அவிழ்க்கப் போனேன். கிழங்கை அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருந்தது. நல்லவேளை விட்டுவிட்டேன். அதன் இயல்பே அதுதான். பழுப்பு இலைகள் சருகு பிடிக்கும் கூடை, பச்சை இலைகள் வறட்சியில் போய் மழையில் வரும். ஜூன் மழையில் நாலு புது இலை வந்த காலையில், வீட்டுக்காரரைத் தூக்கத்தில் இருந்து எழுப்பிக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "புல்லுருவியைக் காசு கொடுத்தா வாங்குவாங்க, மரத்தை உறிஞ்சிரும்" என்று இன்றைக்கும் சொல்கிறார். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாறை எடுப்பது. பெரணியின் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி, சாப்பாடு மழையிலும் சருகிலும்தான். இதைச் சொல்லியும் பார்த்தேன், பேரியில் காய் குறைந்தால் பெரணிதான் காரணம் என்று இருக்கிறார். அவர் கவலையில் ஒன்று மட்டும் நியாயம், பாரம். வளர்ந்த பறவைக்கூடு மழையில் நனைந்தால் நல்ல கனம் கனக்கும். மெல்லிய கிளையில் வைக்காதீர்கள், அடிமரம் அல்லது பெரிய கவடு போதும். உயரத்தையும் யோசியுங்கள். எங்கள் பக்கம் காட்டுமாடு இரவில் தோட்டத்துக்குள் வரும், மரத்தில் உடம்பைத் தேய்க்கும். முயல்கால் செடியின் முதல் கட்டு இடுப்பு உயரத்தில் இருந்தது, ஒரே வாரத்தில் செடி தரையில் கிடந்தது. இப்போது ஏணி வைத்து ஏறினால்தான் எட்டும் உயரத்தில் இருக்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைந்த அந்த ஒன்று கயிறுக்கும் செதில் பூச்சிக்கும். செடியில் பெயர்ச்சீட்டு எதுவும் இல்லை, என்ன என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போன் சிக்னல் அந்தப் பள்ளத்தில் சரியாக வராது, பணத்தைக் கையில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பை தர மாட்டார், கூடையோ சாக்கோ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அக்கா சந்தைக்குப் போய்விடுவார், மற்ற நாட்களில் மதியத்துக்கு முன் போவது நல்லது. கீழே இருந்து வண்டியில் வருபவர்கள் கொடைக்கானலுக்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். 2024 மே மாதத்தில் இருந்து கட்டாயம். மாசியிலோ பங்குனியிலோ போனால் சும்மா பார்த்துவிட்டு வரலாம், மரத்துக்கான பெரணி எதையும் விற்க மாட்டார். ஆவணியில் போகும்போது உங்கள் மரத்தின் போட்டோ ஒன்றும், அதில் வடக்கு எந்தப் பக்கம் என்ற குறிப்பும் இருக்கட்டும். விலை சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்.